அப்பா சொன்ன முடிவு

சாய்குமாரின் ஒலிப்பதிவு அறைக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். தறி ஓடும்போது எதையும் பதிவு செய்ய முடியாது. கரண்ட் போனால் தறி நிற்கும், ஆனால் எங்கள் வேலையும் நின்றுவிடும். அதனால் தறிக்காரர்கள் மதியம் சாப்பிடப் போகும் நேரத்துக்காகக் காத்திருந்து, சத்தம் அடங்கியதும் ஓடிப்போய் மைக் முன்னால் உட்காருவேன். மதுரை செல்லூரில் இந்த வாடகைக்கு வேறு இடம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, அதன்மேல் பழைய மெத்தைகளைச் சார்த்தி வைத்திருந்தான். ஃபேன் ஓடக்கூடாது, ஏசி ஓடக்கூடாது, இரண்டின் இரைச்சலும் மைக்கில் விழும். கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு வாசிப்பேன். செல்போனில் கதை கேட்கிறவர்களுக்காக நாவல்களை வாசித்துக் கொடுப்பதுதான் என் வேலை. பள்ளிக்கூட வேலையை விட்டபிறகு சில வருடங்களாக இதுதான் பிழைப்பு.

போன மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, சாய்குமார் ஒரு கட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"வாணிக்கா, துருவன்னு ஒரு ரைட்டர். அந்தக் காலத்துல மாத நாவல் எழுதுனவரு. அம்புட்டும் மர்மக் கதை, அம்புட்டும் குளிர்ப் பிரதேசத்துல நடக்குது. அவரு மக கோயம்புத்தூர்ல இருக்காங்க. உரிமை குடுத்துட்டாங்க."

"யாருப்பா இந்த வெயில்ல பனியக் கேப்பா?"

"இந்த வெயில்லதான்க்கா கேப்பாங்க. ஒரு வேடிக்கை சொல்லவா? அந்த ரைட்டரு பனியையே பாத்ததில்லையாம். ஊட்டிக்குக்கூட போனதில்லையாம். அவங்க மகளே சொல்லிச் சிரிக்கிறாங்க."

கட்டைப் பிரித்தேன். மேலே இருந்த புத்தகத்தின் அட்டையில் நீல நிறப் பனிக்கு நடுவே ஒரு பங்களா. அதன் ஜன்னலில் ஒரே ஒரு மஞ்சள் வெளிச்சம். 'சிர்மோலியில் முதல் பனி' என்று கோணல் எழுத்தில் தலைப்பு. அட்டையை விரலால் தடவிப் பார்த்தேன்.

"படிச்சிருக்கீங்களாக்கா?"

"கேட்டிருக்கேன்" என்றேன். "எங்கப்பா வாசிச்சு."

என் அப்பா முத்திருளன், எழுமலைக்கும் உசிலம்பட்டிக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும் குரல் அவருக்கு. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுப் புத்தகக் கடையில் மாதாமாதம் ஒரு மர்ம நாவல் வாங்கிவருவார். ராச்சாப்பாடு முடிந்ததும் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, வாசல் பல்புக்கு நேராக உட்கார்ந்து வாசிப்பார். அம்மா எதிரே தரையில் உட்கார்ந்து கடலை உரிப்பாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவளை இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்.

அம்மாவின் தங்கை தங்கப்பொண்ணும் வந்துவிடுவாள். இரண்டு தெரு தள்ளித் தாத்தா வீடு. சித்தி பத்தாவது வரை படித்தவள், வேண்டுமானால் அவளே வாசித்துக்கொள்ளலாம். ஆனாலும் அப்பா வாயால்தான் கேட்க வேண்டும் என்பாள். "நீங்க வாசிச்சாத்தான் மாமா பயமா இருக்கு. நான் வாசிச்சா பேப்பர் வாசிச்ச மாதிரி இருக்கு."

அப்பாவுக்குப் பிடித்தவை எல்லாம் குளிர்ப் பிரதேசத்துக் கதைகள்தாம். எங்கோ ஒரு மலை முகட்டில் தனியாக ஒரு வீடு, சாலை அடைபட்டுப் போயிருக்கும், வீட்டுக்குள் ஏழெட்டுப் பேர், அதில் ஒருவன் கொலைகாரன். குளிரை வர்ணிக்கும் இடங்களை அவர் அவசரப்படாமல் வாசிப்பார். மூச்சு புகையாக வந்தது என்று வாசிக்கும்போது அவர் மூச்சும் கொஞ்சம் நடுங்கும். பங்குனி மாதப் புழுக்கத்தில் அம்மா முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொள்வாள். சித்தி காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொள்வாள். நான் இருவருக்கும் நடுவில் ஒண்டிக்கொள்வேன்.

ஒருமுறை அம்மா கேட்டாள், "இம்புட்டுப் பனி கொட்டுதே, அந்த ஊருல மாட்டுக்கு என்ன தீவனம் போடுவாங்க?" அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. சித்தியோ இரண்டாவது அத்தியாயத்திலேயே கொலைகாரனைச் சொல்லிவிடுவாள். "சமையக்காரன்தான் மாமா. எல்லாரையும் விட நல்லவனா இருக்கான் பாருங்க." பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அப்பா கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இவள போலீஸ்லதான் சேக்கணும்" என்பார்.

எனக்குப் பத்து வயதானபோது சித்தி காணாமல் போனாள். தேனிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கிவருகிறேன் என்று காலையில் கிளம்பியவள் திரும்பவில்லை. டெய்லர் கடைக்கும் போகவில்லை. அந்த வாரம் ஊரில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி நின்றிருந்ததால், லாரிக்காரன் ஒருவனோடு போய்விட்டாள் என்றார்கள். பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. தாத்தா, அவள் பெயரை யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா தாத்தாவுக்குத் தெரியாமல் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவைத்தார். வாசலில் கட்டில் போடுவது நின்றுபோனது.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் அப்பா இந்தப் புத்தகத்தோடு வந்தார். அட்டையைப் பார்த்து வாங்கியிருப்பார், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. வாசிக்கத் தொடங்கியபிறகுதான் தெரிந்தது. சிர்மோலி என்ற மலையூரில், முதல் பனி விழுந்த இரவில், மாலினி என்ற டீச்சர் காணாமல் போய்விடுகிறாள். பங்களா வாசலிலிருந்து அவளுடைய காலடித் தடம் உறைந்த ஏரியின் நடுவரைக்கும் போகிறது. அங்கே நின்றுவிடுகிறது. கடைசி ஜீப்பில் வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டர், சாலை அடைபட்டதால் அந்தப் பங்களாவிலேயே மாட்டிக்கொள்கிறார்.

அப்பா நடுவில் ஒருமுறை வாசிப்பதை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். அம்மா கடலை உரித்துக்கொண்டே, "ம், வாசிங்க" என்றாள்.

நாவல் பாதிக்குமேல் ஓடியிருந்தது. அப்போதுதான் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியிருக்கிறது, வந்து அடையாளம் பார்க்கவேண்டும் என்றார். நானும் வாரேன் என்று அம்மா எழுந்தாள். அப்பா வேண்டாம் என்றார். பஸ் டிரைவர் சிவனாண்டி மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார். பொழுது சாயும்போதுதான் திரும்பிவந்து அம்மாவிடம் சொன்னார்.

"அது நம்ம புள்ள இல்ல பாண்டி. வேற யாரோ ஒரு பொம்பள."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். சாப்பாடு போட்டாள். பிறகு அவளே கட்டிலை எடுத்து வாசலில் போட்டாள். "மிச்சக் கதைய வாசிச்சு முடிச்சிருங்க" என்றாள்.

அன்றைக்கு அப்பா வாசித்த முடிவை நான் மறக்கவே இல்லை. மாலினி சாகவில்லை. ஏரியின் நடுவரைக்கும் நடந்துபோய், அதே தடத்தின்மேல் கால் வைத்துப் பின்னாலேயே திரும்பி வந்து, ஆட்டுக்காரக் குடும்பம் ஒன்றோடு சேர்ந்து, கணவாய் அடைபடுவதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டாள். பனி உருகியதும் இன்ஸ்பெக்டர் கணவாயைத் தாண்டிப் போகிறார். பாதையோரத்தில் ஒரு டீக்கடை. டீ ஆற்றிக் கொடுக்கிறவள் மாலினி. அவருக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது. அவர் யார் என்று அவளுக்கும் தெரிகிறது. இருவரும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. 'டீ நல்லா இருக்கும்மா' என்று சொல்லி கிளாஸை வைத்துவிட்டு, அவர் வந்த வழியே மலை இறங்குகிறார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அப்பா புத்தகத்தை மூடிவிட்டார். மறுநாள் அதைப் பஸ்ஸில் யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டு வந்தார்.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மா மதுரையில் என்னோடு இருக்கிறாள். நான் வாசிக்கும் எல்லா நாவலையும் போனில் கேட்பாள். காதில் மாட்டிக்கொள்வது பிடிக்காது. போனை அரிசி டப்பாவின்மேல் சாய்த்துச் சத்தமாக வைத்துக்கொண்டு சமைப்பாள். 'சிர்மோலியில் முதல் பனி' வாரம் இரண்டு பாகமாக வரத் தொடங்கியதும் வேலையைக்கூடப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"உங்கப்பா இந்த எடத்துல ஒரு செருமல் போடுவாரு" என்பாள். இல்லாவிட்டால், "நீ வெரசா வாசிக்கிற. பனி அம்புட்டு வேகமாவா விழும்?" என்பாள். ஒவ்வொரு பாகம் முடிந்ததும், "கடைசிப் பாகம் என்னைக்கு வரும்?" என்று கேட்பாள். அப்பா சொன்ன முடிவை என் குரலில் கேட்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சித்தியைப் பற்றி ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. அந்தப் பெயர் எங்கள் வீட்டில் எப்போதுமே வராது.

வழக்கமாக ஒரு நாவலை முழுதாகப் படித்துவிட்டுத்தான் மைக் முன்னால் உட்காருவேன். இதைப் படிக்கவில்லை. கதைதான் தெரியுமே என்ற நினைப்பு. அதோடு, அப்பா வாசிக்க வாசிக்க எப்படிக் கேட்டேனோ, அப்படியே ஒவ்வொரு பக்கமாகப் போக வேண்டும் என்று ஓர் ஆசையும் இருந்தது. அறையில் வியர்வை வழிய வழிய, நான் எழுமலை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி அத்தியாயத்தைப் பதிவு செய்தது ஒரு வியாழக்கிழமை. தறிச் சத்தம் அடங்கியதும் ஆரம்பித்தேன். 'பனி உருகத் தொடங்கியிருந்தது' என்று தொடங்கியது. இன்ஸ்பெக்டர் கணவாய்க்குக் கிளம்புவார் என்று எதிர்பார்த்துக்கொண்டே வாசித்தேன். அவர் ஏரிக்கரைக்குப் போனார். பனிக்கட்டி விரிசல் விட்ட இடத்தில் ஒரு சிவப்புச் சால்வையின் நுனி தெரிந்தது. அதைப் பிடித்து இழுத்தார்கள். மாலினியின் முகம் மேலே வந்தது.

நான் நிறுத்திவிட்டேன்.

"என்னக்கா ஆச்சு? நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்துச்சு" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சாய்குமார் கேட்டான்.

"இதுக்கு வேற பதிப்பு எதுவும் இருக்கா?"

"இல்லக்கா. ஒரே தடவைதான் அச்சாகியிருக்கு. அவங்க மக நல்லா விசாரிச்சுச் சொன்னாங்க."

மிச்சத்தைப் படித்துப் பார்த்தேன். பங்களாக் காவல்காரன்தான் கொன்றிருக்கிறான். கணவாய் இல்லை, ஆட்டுக்காரக் குடும்பம் இல்லை, டீக்கடை இல்லை. எதுவும் இல்லை. அத்தனையும் அப்பா அந்த நேரத்தில் உட்கார்ந்த இடத்தில் கட்டியது.

தண்ணீர் குடித்துவிட்டு வாசித்து முடித்தேன். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தபோதுதான் அடுத்த நினைப்பு வந்தது. புத்தகத்தில் செத்தவளை அப்பா உயிரோடு டீக்கடையில் உட்காரவைத்தார். அன்றைக்கு டி. கல்லுப்பட்டியில் அவர் பார்த்தது யாரை? அது நம்ம புள்ள இல்ல என்று சொன்னதும் அதே மாதிரிதானா?

அந்தப் பாகம் அடுத்த செவ்வாய்க்கிழமை வெளியாகும். அம்மா கேட்பாள். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது. அப்பாவோடு போனவர் இன்னும் உயிரோடு இருந்தார்.

சனிக்கிழமை காலையில், உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்து என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். எழுமலையில் இறங்கியதும் மேற்கே மலை அப்படியே இருந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தில் ஒரு செல்போன் கடை. சிவனாண்டி மாமா ஊருக்கு வெளியே தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். போனபோது வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு, வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெரிய உருவமாக இருந்தவர் நன்றாக ஒடுங்கியிருந்தார். குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார்.

"முத்திருளன் மகளா? வா தாயி. அவரு கொரலு அப்படியே இருக்கு உனக்கு."

நலம் விசாரித்து, அவர் பேரன் கொடுத்த மோரைக் குடித்து முடித்தபிறகு கேட்டேன். சுற்றிவளைக்கவில்லை. "மாமா, கல்லுப்பட்டிக்கு அடையாளம் பாக்கப் போனீங்களே. அது எங்க சித்திதானா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இம்புட்டு வருசம் கழிச்சு யாரு இதக் கெளப்புனது?"

"யாரும் கெளப்பல. எனக்காத் தோணுச்சு."

"இல்ல தாயி. சத்தியமா அது தங்கப்பொண்ணு இல்ல. உங்கப்பா மட்டுமில்ல, நானும் பாத்தேன். அந்தப் பொம்பளைக்கு நாப்பது வயசுக்கு மேல இருக்கும். தலை நரைச்சிருந்துச்சு. ரெண்டு கையிலயும் பச்சை குத்தியிருந்துச்சு. நம்ம புள்ளைக்கு ஏது அதெல்லாம்? பாத்த ஒடனே இல்லன்னு தெரிஞ்சு போச்சு. எனக்கு அப்பதான் உசுரே வந்துச்சு."

என் கையில் இருந்த டம்ளரை வரப்பில் வைத்தேன்.

"அப்புறம் ஏன் மாமா அம்புட்டு நேரம் கழிச்சு வந்தீங்க?"

"அதுவா" என்றார். "வாங்கண்ணே போவோம்னு நான் கூப்புட்டேன். உங்கப்பா நகரல. இந்தம்மாவுக்கு யாரு வருவான்னு போலீஸ்காரர்கிட்ட கேட்டாரு. யாரும் வரல, இன்னைக்குப் பொதைச்சிருவோம்னாரு அவரு. அப்ப நாங்க இருந்து பொதைச்சிட்டுப் போறோம்னு சொல்லிட்டாரு. கடைவீதிக்குப் போயி புதுச்சேலை ஒண்ணும் மாலையும் வாங்கிட்டு வந்தாரு. யாருன்னே தெரியாத பொம்பளைக்கு எதுக்குண்ணே இதெல்லாம்னு கேட்டேன். சிவனாண்டி, நம்ம புள்ளைக்கு எங்கயாச்சும் இப்படி ஆச்சுன்னா, எவனாச்சும் ஒருத்தன் கூட நிப்பான்ல, அதுக்குத்தான்னாரு. நான் அதுக்கு மேல வாயத் தெறக்கல."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"மண்ணு போட்டுட்டு, வர்ற வழியில ஒரு பம்புசெட்டுல ரெண்டு பேரும் தலை முழுகினோம். இத வீட்ல யார்கிட்டயும் சொல்லிராதன்னாரு. பொணத்தப் பொதைச்சிட்டு வந்தேன்னு சொன்னா, பாண்டி அது தங்கச்சிதான்னு நெனைச்சிரும்னாரு. நானும் சொல்லல. எம் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. டி. கல்லுப்பட்டிக்குப் போகும் பேரையூர் ரோடு பிரியும் இடத்தில் அப்பாவும் சிவனாண்டி மாமாவும் ஈரத்தலையோடு நடந்துவருவது போல் இருந்தது. அப்பா பொய் சொல்லவில்லை என்பதில் பெரிய ஆறுதல். அவர் வீட்டுக்கு வந்தபோது, யாருமில்லாத ஒருத்தியைப் புதைத்த மண் நகக்கண்ணில்கூட இருந்திருக்கும். அந்தக் கையால் புத்தகத்தைப் பிரித்திருக்கிறார். பார்த்தால் அங்கேயும் ஒருத்தி தண்ணீரில் கிடக்கிறாள். அதை எப்படி வாசிப்பார்?

வீட்டுக்கு வந்தபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து இரண்டு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"அம்மா, செவ்வாக்கிழமை கடைசிப் பாகம் வருது."

"ம்."

"அதுல அப்பா வாசிச்ச மாதிரி இல்ல."

"செத்துப்போயிருப்பா" என்றாள் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். புஸ்தகத்த விரிச்சுக் கையில வச்சிருந்தாரு. அவ கணவாயத் தாண்டிப் போறா, டீக்கடை போடுறா, இவரு போயி டீ குடிக்கிறாரு. இம்புட்டும் நடக்குது, ஒரு பக்கத்தக்கூடப் பொரட்டல. எனக்கு எழுத்துதான் தெரியாது. பக்கம் பொரட்டுறது தெரியாதா?"

"அப்புறம் ஏன் கடைசிப் பாகம் எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்த?"

"நெசமா என்னதான் எழுதியிருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான்."

அவள் ஒரு காம்பை உருவி முறத்தில் போட்டாள். பிறகு, நான் கேட்காமலேயே பேசினாள்.

"அன்னைக்குப் பொழுது சாயத் திரும்பி வந்தாருல்ல, தலை ஈரமா இருந்துச்சு. காலையில குளிச்சிட்டுப் போன மனுசன் எதுக்குச் சாயந்தரம் தலை நனைஞ்சு வரணும்? எழவுக்குப் போயிட்டு வந்தாத்தானே முழுகுவாக. அப்பவே நெஞ்சுல பக்குனுச்சு. அப்புறம் கதையவும் மாத்தி வாசிச்சாரா, முடிவே பண்ணிட்டேன். நம்ம தங்கச்சி போய்ட்டா, இவரே அடக்கம் பண்ணிட்டு வந்துட்டாரு, எங்கிட்டச் சொல்ல மாட்டாம அவளுக்கு டீக்கடை வச்சுக் குடுக்காருன்னு."

"கேட்டிருக்கலாம்லம்மா."

"எப்படிக் கேக்குறது? அம்புட்டுப் பாடுபட்டு எனக்காக ஒண்ணச் சொல்றாரு. இல்ல, நீ பொய் சொல்றன்னு சொல்லச் சொல்றியா?"

முப்பத்தைந்து வருடம். இந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுக்காதது தாத்தா போட்ட உத்தரவால் என்றுதான் நினைத்திருந்தேன். தாத்தா செத்தே எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அம்மா எடுக்காமல் இருந்தது அப்பாவுக்காக. அப்பா எடுக்காமல் இருந்தது அம்மாவுக்காக.

"அம்மா, இன்னைக்கு நான் காதுகுத்துக்குப் போகல. சிவனாண்டி மாமாவப் பாத்துட்டு வாரேன்."

அவள் நிமிர்ந்தாள்.

கேட்டதை எல்லாம் சொன்னேன். நரைத்த தலை, பச்சை குத்திய கை, புதுச்சேலை, பம்புசெட் குளியல், எதையும் விடவில்லை. அப்பா சொன்ன அந்த வார்த்தையையும் சொன்னேன். முடித்ததும் அம்மா முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அவ சாகலையா?"

"அது தெரியாதும்மா. அங்க கெடந்தது அவ இல்ல. அம்புட்டுத்தான் தெரியும்."

"சிவனாண்டி அண்ணே பொய் சொல்லாது."

"சொல்லல."

குழாயை மூடினாள். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. சுவரில் மாட்டியிருந்த அப்பா போட்டோவுக்கு முன்னால் போய் நின்றாள். "ஏய்யா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? யாரோ ஒரு பொம்பளயப் பொதைச்சிட்டு வந்தேன்னு சொன்னா நான் என்ன செத்தா போயிருவேன்? எங்கூடப் பொறந்தவள நானே கொன்னுல்ல போட்டேன் இத்தன வருசமா." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஆடி அமாவாசைக்குப் படையல் போடுறப்ப ஓரத்துல ஒரு சின்ன எலை போடுவேனே, என்னன்னு நெனைச்ச?"

"காக்காய்க்குன்னு நெனைச்சேன்."

"அது அவளுக்கு."

சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். அப்பா இறந்தபோதுகூட அம்மா அப்படி அழுது நான் பார்க்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் தோளில் சாய்ந்துகொள்ளவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே அழுது முடித்தாள். பிறகு கீரையை எடுத்து மிச்சத்தை ஆய்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை கடைசிப் பாகத்தை நானும் அவளும் சேர்ந்தே கேட்டோம். சிவப்புச் சால்வை வந்த இடத்தில் என் குரல் லேசாக உடைந்திருந்தது. சாய்குமார் அதை அப்படியே விட்டுவைத்திருந்தான். முடிந்ததும் அம்மா, "உங்கப்பா சொன்னதுதான் நல்லா இருந்துச்சு. இத எழுதுன ஆளு பனியத்தான் பாக்கல, மனுசனயும் பாக்கல போலருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் சித்தியைத் தேடினோம். போலீஸில் மறுபடியும் எழுதிக் கொடுத்தோம். சித்தி பத்தாவது படித்தபோது எடுத்த வகுப்புப் போட்டோ ஒன்று அவள் தோழி வீட்டில் கிடைத்தது. அதிலிருந்து அவள் முகத்தை மட்டும் பெரிதாக்கி, சாய்குமார் செல்போனில் பரப்பினான். சில அழைப்புகள் வந்தன. ஒருமுறை நாமக்கல் வரைக்கும் போனோம். அங்கே இருந்தது வேறொரு தங்கப்பொண்ணு. நல்ல மனுஷி, சாப்பிடவைத்துத்தான் அனுப்பினாள். சித்தி இதுவரை கிடைக்கவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்றும் தெரியவில்லை.

ஆனால் அம்மா பேசத் தொடங்கிவிட்டாள். காலையில் தோசை ஊற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். தங்கப்பொண்ணுக்குத் தோசை கருகினால்தான் பிடிக்கும். தங்கப்பொண்ணு ஆட்டுக்குட்டிக்கு ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் அடி வாங்கினாள். மொட்டை வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வாயால் புகை விடுவதுபோல் ஊதிக்கொண்டே தெருவில் வந்து, நான் சிர்மோலியிலிருந்து வாரேன் என்று சொல்லி அப்பாவைச் சிரிக்கவைத்தாள் என்று ஒருநாள் சொன்னாள். அந்த நாவல் வந்தபோது சித்தி ஊரிலேயே இல்லையே என்றேன். "அப்ப அது வேற ஏதோ ஒரு ஊரு. எல்லா ஊரும் ஒரே மாதிரிதானே இருந்துச்சு" என்றாள்.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் மட்டும் இலை போட்டாள்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போனோம். கூட்டத்தில் நெரிபட்டு ஒரு கடைக்குள் நுழைந்தோம். எனக்கும் அவளுக்கும் எடுத்தாயிற்று. கிளம்பலாம் என்றேன். அம்மா நகரவில்லை. இன்னொரு சேலை காட்டச் சொன்னாள்.

"யாருக்கும்மா?" என்று விற்கிற பெண் கேட்டாள்.

"என் தங்கச்சிக்கு."

"எம்புட்டு வயசிருக்கும் அவங்களுக்கு?"

அம்மா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். "அம்பத்தஞ்சு இருக்கும். என்னய விடக் கொஞ்சம் நெறம். அப்ப ஒல்லியா இருந்தா, இப்ப சதை போட்டிருப்பா."

அந்தப் பெண் ஒரு கிளிப்பச்சைச் சேலையை விரித்துப் போட்டாள். அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"சின்ன வயசுல இதத்தான் கேப்பா. இப்பக் கட்டுவாளான்னு தெரியல. வேற எடும்மா. கொஞ்சம் அடக்கமா, ஆனா கெழவி சேலை மாதிரி இருக்கக்கூடாது."